டன்ஸ் ஊரில் ஒரு சின்னக் கூடம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சென்ற இதழில், ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையோரம் உள்ள டன்ஸ் ஊரின் ஜிம் கிளார்க் மோட்டார் பந்தய அருங்காட்சியகத்தைப் பற்றி நாலு வரிதான் எழுதினோம். 1963, 1965 ஆகிய இரு ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் உலக வெற்றியாளரான ஒரு விவசாயியின் நினைவாக 2019ல் திறந்த கூடம் அது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பள்ளி விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

கேள்வி (தெம்பனிஸ்): ஜூனில் எடின்பரோவில் 4 நாள் தங்குகிறோம். கார் எடுக்காமல் ஒரே நாளில் டன்ஸ் போய்த் திரும்ப முடியுமா? பிள்ளைகளுக்கு 9, 13 வயது. ஒரு நாளைக் கொடுக்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில்: பின்னதை முதலில் சொல்லிவிடுகிறோம். கூடத்துக்குள் ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேலும் நிற்கிறவர்கள் ஏற்கெனவே கிளார்க் பைத்தியம் பிடித்தவர்கள். 13 வயதுக்காரர் பந்தயம் பார்க்கிறவர் என்றால் தயங்காமல் போங்கள். 9 வயதுக்காரர் ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையம் மாதிரி தொட்டு, சுழற்றி, அமுக்கிப் பார்க்க எதிர்பார்த்தால் அரை மணியில் 'போலாம்பா' என்பார். வீட்டிலேயே பழைய பந்தயக் காணொளி இரண்டைக் காட்டிக் கூட்டிப் போனால் நிலைமை மாறும்.

வழி: எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து பெரிக்-அப்பான்-ட்வீட் வரை ரயில், சுமார் 45 நிமிடம். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், கடல் தெரியும். லண்டன் போகும் ரயில் எல்லாமே பெரிக்கில் நிற்காது. சிலது நேரே நியூகாசல் போய்த்தான் மூச்சு விடும். ஏறுமுன் நிறுத்தப் பட்டியலைப் பாருங்கள். பெரிக்கிலிருந்து டன்ஸ் சுமார் 25 கிலோமீட்டர். கேலஷீல்ஸ் போகும் 60ஆம் எண் பேருந்து முக்கால் மணியில் கொண்டுபோய் விடும். நம் ஊர்ப் பேருந்து மாதிரி 8 நிமிடத்துக்கு ஒன்று வராது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. ஆகவே முதலில் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி உங்கள் நாளை அமையுங்கள். அதைத் தவறவிட்டால் வாடகைக் கார்தான். சாலையில் கைகாட்டி நிறுத்தும் ஊர் இல்லை அது, முன்பதிவு வேண்டும்.

வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பலர் 2022ல் திறந்த ரெஸ்டன் நிலையம் பக்கமாயிற்றே என்று அங்கே இறங்கத் திட்டமிடுகிறார்கள். தூரம் குறைவுதான். ஆனால் அங்கே நிற்கும் ரயிலும் குறைவு. கார் வந்து அழைத்துப் போகும் என்றால் மட்டும் ரெஸ்டன் சரி.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் இந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும். வசந்தத்தில் திறந்து இலையுதிர் காலத்தோடு சாத்திவிடுகிற இடம். மே மாதக் கடைசியில் போவதானால், அந்த ஊரைச் சுற்றி நடக்கும் ஜிம் கிளார்க் ராலி கார்ப் பந்தயத்தின் தேதியைப் பாருங்கள். அப்போது சாலைகளை அடைப்பார்கள், தங்க அறையும் கிடைக்காது. பந்தயப் பிரியர்களுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): ஒன்றிரண்டு கார்தான் இருக்குமாம். அதற்காக இவ்வளவு தூரமா? அங்கே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் எது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1965ல் இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தின் 200 சுற்றில் 190ஐ முன்னணியில் ஓட்டி கிளார்க் வென்ற லோட்டஸ் 38 கார் டன்ஸில் இல்லை. அது அமெரிக்காவின் டியர்போர்ன் நகரில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டன்ஸில் நிற்கும் கார்கள் இரவலாக வந்து போகிறவை. போகிற மாதம் எது நிற்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

லோட்டஸ் 25 நின்றால் அதிர்ஷ்டம். 1962ல் வந்த இந்தக் காருக்கு முன், பந்தயக் கார் என்றால் இரும்புக் குழாய்களை ஒட்டவைத்த கூடு, மேலே தகடு. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் குழாயை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் அலுமினியத் தகட்டால் பெட்டி அடித்து, அந்தப் பெட்டிகளையே காரின் எலும்பாக்கினார். ஃபார்முலா ஒன்னில் முழுதாக இப்படிச் செய்தது அதுதான் முதல். பக்கவாட்டில் குனிந்து, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையைப் பாருங்கள். அந்த வரிசைதான் காரைப் பிடித்து நிறுத்துகிறது. பெட்டிக்குள்ளே ரப்பர்ப் பைகளில் பெட்ரோல். அதாவது ஓட்டுநர் இரண்டு பெட்ரோல் தொட்டிகளுக்கு நடுவே மல்லாந்து படுத்திருந்தார், இருக்கை வாரும் இல்லாமல். ஃபார்முலா ஒன்னில் வார் கட்டாயமானது 1972ல்தான். இதைச் சொன்னால் 13 வயதுக்காரரின் முகம் மாறும்.

அடுத்து முன்சக்கரம். அதன் பக்கத்தில் சுருள்வில்லைத் தேடினால் கிடைக்காது. காற்று தடையில்லாமல் போக வேண்டும் என்று அதைக் காரின் உடலுக்குள் தள்ளிவிட்டார்கள். சக்கரத்தைத் தாங்கும் மேல்கை ஒரு நெம்புகோல் மாதிரி அந்தச் சுருள்வில்லை உள்ளே அழுத்தும். கியர்க் கம்பு வலது கைப் பக்கம். 1963ல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில், கொட்டும் மழையில் அந்தக் கம்பு அடிக்கடி கழன்று நழுவ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வளைத்து ஓட்டி வென்றார் கிளார்க். ஓட்டுநர் இருக்கும் பள்ளத்தின் அகலத்தைப் பார்த்தபின் அதை யோசித்துப் பாருங்கள்.

லோட்டஸ் கார்டினா நின்றால் வேறு பாடம். வெள்ளைக் கார், பச்சைப் பட்டை. 1964ல் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை கிளார்க் வென்ற வகை. சுவரில் உள்ள படங்களில் வளைவின் உள்பக்க முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். விபத்து இல்லை, அமைப்பே அப்படி. வளைவில் சாயாமலிருக்க முன்பக்கத்தை விறைப்பாக வைத்தால், உள்பக்க முன்சக்கரம்தான் தூக்கும். ஓட்டும் சக்தி பின்சக்கரத்தில் என்பதால் பின்னிரண்டும் தரையில் இருந்தால் போதும்.

ஆனால் எங்களைக் கேட்டால், கார்களைவிட கோப்பைகளுக்கு நேரம் கொடுங்கள்.

கேள்வி (செங்காங்): கிளார்க் வென்றது 25 கிராண்ட் பிரீ என்கிறார்கள். அங்கே கோப்பை நூறுக்கு மேல் இருப்பதாகப் படித்தேன். எப்படிக் கணக்கு சரியாகும்?

பதில்: 72 கிராண்ட் பிரீயில் 25 வெற்றி என்பது உலகப் பட்டக் கணக்கில் சேர்ந்தவை மட்டும். அந்தக் காலத்தில் பட்டக் கணக்கில் வராத ஃபார்முலா ஒன் பந்தயங்களும் நிறைய நடந்தன. ஃபார்முலா டூ தனி, சலூன் கார் தனி, ஸ்போர்ட்ஸ் கார் தனி. 1960ல் ராய் சல்வடோரியோடு லமான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போய் டாஸ்மன் தொடர்: 1965, 1967, 1968 என மூன்று முறை பட்டம். போதாததற்கு ஊர்ப்பக்க மன்றங்கள் நடத்திய சின்னப் பந்தயங்கள். டன்ஸுக்குத் தென்மேற்கே சார்ட்டர்ஹால் என்ற பழைய விமானத் தளத்தில் ஓட்டி வளர்ந்தவர் அவர். அதனால் கோப்பையில் பொறித்திருக்கும் ஆண்டையும் நடத்திய மன்றத்தின் பெயரையும் வரிசையாகப் படித்தாலே வாழ்க்கை வரலாறு கிடைக்கும்.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிராண்ட் பிரீயில் இரண்டாம் இடம் என்று அவர் வந்தது ஒரே ஒரு முறை, 1963 ஜெர்மனி. ஒன்று வெல்வார், இல்லாவிட்டால் வண்டி உடையும். 1962ல் கடைசிப் பந்தயம் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில், 1964ல் மெக்சிகோவில். இரண்டிலும் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் எண்ணெய் கசிந்து பட்டம் கைநழுவியது. முன்னதை கிரஹாம் ஹில்லும் பின்னதை ஜான் சர்ட்டீஸும் எடுத்துக்கொண்டார்கள். 1965ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனிலும் எண்ணெய் அழுத்தம் விழுந்தது. வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்புக்குக் கிடைக்காமல் போகும் என்பதால், வளைவுகளில் எஞ்சினை அணைத்து உருட்டி, நேர்ப்பாதையில் மறுபடி இயக்கி, ஹில்லை 3.2 வினாடியில் வென்றார். நாங்களானால் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைத்தான் சொல்வோம்.

கேள்வி (பொங்கோல்): கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் கைப்பேசியில் எடுத்தால் என் முகம்தான் விழுகிறது.

பதில்: அடர்நிறச் சட்டை போடுங்கள். பாதிப் பிரச்சினை சட்டைதான். கைப்பேசியின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். இடைவெளி இருந்தால் கருப்புத் துணியோ உள்ளங்கையோ வைத்து மூடுங்கள். அகலக் கோணத்தில் எடுத்தால் கோப்பையின் வயிறு பருத்துத் தெரியும், 2 மடங்குப் பெருக்கத்தில் எடுங்கள். கேமரா கொண்டுபோகிறவர்கள் போலரைசர் என்ற பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டியைப் போட்டால், கண்ணாடிக்கு நேரெதிரே நின்று பயனில்லை. கண்ணாடிப் பரப்போடு ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் நின்றால்தான் பிரதிபலிப்பு விழுங்கப்படும். வெள்ளியின் பளபளப்பு எந்தச் சாய்விலும் போகாது, அது உலோகம். ஃபிளாஷ் வேண்டாம். அனுமதி இருந்தாலும் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பந்துதான் விழும்.

கேள்வி (சுவா சூ காங்): கார் வாடகைக்கு எடுக்கலாமா? என்னிடம் இருப்பது 3ஏ உரிமம்.

பதில்: எடுக்கலாம். சிங்கப்பூர் உரிமம் ஆங்கிலத்திலேயே இருப்பதால் வருகையாளராக அதைக் கொண்டே ஓட்டலாம். ஆனால் 3ஏ என்றால் ஆட்டோ கியர் மட்டும்தான், அங்கேயும் அப்படியே. பதிவு செய்யும்போதே ஆட்டோ கியர் என்று தெளிவாகக் கேளுங்கள். சின்ன நிறுவனங்களில் கையால் மாற்றும் கியர்தான் அதிகம், நேரில் போய்க் கேட்டால் இருக்காது.

இடப்பக்கம்தான் ஓட்டம், அது பழகியது. பழகாதது மைல் கணக்கு. பிரிக்காத ஒற்றைச் சாலையில் மணிக்கு 60 மைல் என்பது உச்ச வரம்புதான், வளைவுகளில் அந்த வேகம் ஆகாது. ஸ்காட்டிஷ் பார்டர்ஸ் வட்டாரத்தில் பெரும்பாலான ஊர்களுக்குள் 20 மைல். கிளைச் சாலைகளில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம், இடையிடையே ஒதுங்குமிடம் இருக்கும். அது எதிர்வண்டிக்கு வழிவிட, படம் எடுக்க நிறுத்துவதற்கு இல்லை. ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை.

கேள்வி (உட்லண்ட்ஸ்): நாங்கள் நிரந்தரவாசிகள், இந்தியக் கடப்பிதழ். பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன். எல்லாருக்கும் ஒரே அனுமதியா?

பதில்: இல்லை. 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மின்னணுப் பயண அனுமதி வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் வருகையாளர் விசா, விரல்ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், முடிவு வரப் பொதுவாக 3 வாரம். நிரந்தரவாசி என்பதால் அதில் சலுகை இல்லை. பிள்ளையின் அனுமதி விரைவில் வந்துவிட்டது என்று பயணச்சீட்டை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி (ஈசூன்): மாமியார் சுத்த சைவம். அந்த ஊரில் சாப்பாடு?

பதில்: ஸ்காட்லாந்துக் காப்பிக் கடைகளில் பருப்பு சூப் எங்கும் கிடைக்கும். பருப்பு என்றதும் நம்பிக் குடித்துவிடாதீர்கள்! பன்றி எலும்பு வேகவைத்த நீரில் செய்வது அங்கே வழக்கம். 'உள்ளே ஹாம் உண்டா' என்று கேட்டு வாங்குங்கள். ஜாக்கெட் பொட்டேட்டோ என்ற சுட்ட உருளைக்கிழங்கும் சீஸும் கேட்டால் வம்பில்லை. மாமியாருக்கு முட்டையும் ஆகாது என்றால் எடின்பரோவிலேயே பொட்டலம் கட்டிக்கொண்டு போவது நல்லது.

கேள்வி (அங் மோ கியோ): இவ்வளவு சிறந்த ஓட்டுநர் 32 வயதில் எப்படி இறந்தார்? கல்லறைக்கும் போக முடியுமா?

பதில்: 1968 ஏப்ரல் 7, ஜெர்மனியின் ஹொக்கன்ஹைம். ஃபார்முலா டூ பந்தயம், லோட்டஸ் 48. ஐந்தாவது சுற்றில், ஈரமான நேர்ப்பாதையில் கார் சறுக்கி மரங்களுக்குள் போனது. பின்டயரில் காற்று இறங்கியதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அந்த இடத்தில் மரத்துக்கும் பாதைக்கும் நடுவே தடுப்பு வேலி எதுவும் இல்லை. தவறு ஓட்டுநருடையது அல்ல என்பதுதான் மற்ற ஓட்டுநர்களை உலுக்கியது. அவருக்கே இப்படி என்றால் நமக்கு என்ன காப்பு என்று யோசிக்க வைத்தது.

கல்லறை சர்ன்சைட் கிராமத் தேவாலய வளாகத்தில். டன்ஸுக்கும் பெரிக்குக்கும் நடுவே, 60ஆம் எண் பேருந்து போகும் வழியிலேயே இருக்கிறது. திரும்பும்போது இறங்கி, அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். கிராமத்தில் அவர் நினைவாக ஒரு மணிக்கூண்டும் உண்டு. கல்லில் தொழிலை எழுதியிருக்கும் வரிசையைப் படியுங்கள்: முதலில் எடிங்டன் மெய்ன்ஸ் பண்ணையின் விவசாயி, அப்புறம்தான் பந்தய ஓட்டுநர்.

கேள்வி (பாசிர் ரிஸ்): அவ்வளவு தூரம் எங்களால் போக முடியாது. சிங்கப்பூரிலேயே இந்த மாதிரி ஏதாவது?

பதில்: ஓட்டுநருக்கென்று தனிக் கூடம் இல்லை. களம் இருக்கிறது. 1961 முதல் 1973 வரை தாம்சன் ரோட்டில் கிராண்ட் பிரீ நடந்தது, ஒரு சுற்று சுமார் 4.8 கிலோமீட்டர். அப்பர் தாம்சன் ரோட்டின் நேர்ப்பகுதிக்கு 'தாம்சன் மைல்' என்று பெயர். வளைவுகளெல்லாம் ஓல்டு அப்பர் தாம்சன் ரோட்டில்: 'ஸ்னேக்ஸ்', 'டெவில்ஸ் பெண்ட்'. கிளார்க் இங்கே ஓட்டியதில்லை, ஆனால் லோட்டஸ் வந்தது. 1963, 1965ல் ஆல்பர்ட் பூன் வென்றது லோட்டஸ் 23ல், 1966ல் லீ ஹான் செங் வென்றது லோட்டஸ் 22ல்.

எம்ஆர்டியில் ஸ்பிரிங்லீஃப் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். காலை 8 மணிக்கு முன் போங்கள். சாலை இப்போதும் வண்டி ஓடுகிற சாலைதான், ஓரமாக நடங்கள். பக்கத்திலேயே 2019ல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்கா. குரங்கு உண்டு, கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அதற்குச் சாப்பாடு என்றுதான் அர்த்தம். நடந்துகொண்டே சாலையின் அகலத்தையும் இருபுறமும் உள்ள மரங்களையும் பாருங்கள். ஹொக்கன்ஹைம் பற்றி மேலே சொன்னது விளங்கும்.

அன்றைய செய்திகளைப் படிக்க விரும்பினால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன.

கேள்வி (குவீன்ஸ்டவுன்): மாமனாரிடம் தாம்சன் ரோடு பந்தயத்தின் 1966 நிகழ்ச்சிப் புத்தகமும் சில நுழைவுச்சீட்டுகளும் இருக்கின்றன. ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்து, தாளில் பழுப்புப் புள்ளி. லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது, தாளின் அமிலமும் உள்ளேயே அடைபட்டுப்போகும். செலோடேப்பும் அப்படித்தான், பத்தாண்டில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

முதல் வேலை ஸ்கேன். 600 டிபிஐ, டிஃப் கோப்பு, அட்டையிலிருந்து விளம்பரப் பக்கம் வரை எல்லாம். பிறகு ஊசி. ஊசி பிடுங்கும் கருவியைப் போட்டு இழுத்தால் தாள் கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, மெல்லிய தகட்டால் ஊசியின் இரண்டு கால்களையும் நிமிர்த்தி, வெளிப்பக்கமிருந்து மெதுவாக உருவுங்கள். துரு தாளோடு ஒட்டியிருந்தால் வலிந்து இழுக்காமல் அந்தப் பக்கத்தை அப்படியே விடுங்கள். ஊசி போன அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்துக் கட்டினால் போதும்.

உறை வாங்கும்போது பாலியெஸ்டர் உறையா என்று கேளுங்கள். வழக்கமான பிவிசி கோப்புறை மையோடு ஒட்டிக்கொள்ளும். படங்களின் பின்னால் பெயர் எழுத வேண்டுமானால் 2பி பென்சில், பேனா வேண்டாம்.

நம் ஊரில் எதிரி ஈரப்பதம். பழுப்புப் புள்ளிக்கும் பூஞ்சைக்கும் அதுதான் வேர். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில் 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் போதும். 35க்குக் கீழே போனால் தாள் முறுமுறுப்பாகி மடிப்பில் உடையும். உலர்பெட்டி இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பா, உள்ளே 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. ஜெல்லின் நிறம் மாறினால் ஓவனில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, ஆறியபின் திரும்பப் போடுங்கள். இரவில் குளிர்சாதனம் ஓடிப் பகலில் அணைக்கும் படுக்கையறை அலமாரிதான் மிக மோசமான இடம். தினம் ஒரு முறை ஈரம் ஏறி இறங்கும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் உலர்த்துங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை பரவும்.

நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுக்கும் எண்ணம் இருந்தால் மூலத்தை அஞ்சலில் அனுப்பாதீர்கள். ஸ்கேனை அனுப்பி, வேண்டுமா என்று கேட்டுவிட்டு நேரில் கொடுங்கள். மாமனார் யாரோடு போனார், எந்த வளைவில் நின்று பார்த்தார் என்பதையும் அவரிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அது இல்லாத நுழைவுச்சீட்டு வெறும் சீட்டுதான்.

கேள்வி (புக்கிட் பாஞ்சாங்): லோட்டஸ் மாதிரிக் கார் பொம்மைகள் வாங்கி வந்தால் அங்கே வரி திரும்பக் கிடைக்குமா? இங்கே வரி கட்ட வேண்டுமா?

பதில்: அங்கே கிடைக்காது. கடையில் வாங்கிக் கையோடு கொண்டுவரும் பயணிகளுக்கு வரி திருப்பித் தருவதை பிரிட்டன் 2021லேயே நிறுத்திவிட்டது. சிங்கப்பூர்வாசி 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பினால் 500 வெள்ளி வரைக்கும் பொருள் சேவை வரி இல்லை. அதற்கு மேல் உள்ள தொகைக்கு 9 விழுக்காடு. ரசீதைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருங்கள். 1:43 அளவு சட்டைப்பைக்குள் அடங்கும். 1:18 வாங்கினால் பெட்டியோடு கைப்பையில் எடுத்து வாருங்கள். சரக்கில் போட்டால் முதலில் உடைவது பின்பார்க்கும் கண்ணாடி, அது தனியாகக் கிடைக்காது.